வசந்தாவுக்கு அளந்து போட்ட சோறு

நான் ஒருத்தியைப் பட்டினி போட்டேன்.

ஒரு வேளை, இரண்டு வேளை அல்ல... ஒரு வருஷத்துக்கும் மேலாக. அவள் என் தம்பியின் மனைவி, பெயர் வசந்தா. அவள் தட்டில் விழ வேண்டிய சோற்றை நான் அளந்தேன். அவள் மறுசோறு கேட்காதபடி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேன். அதனால் அவளுக்கு ஒரு பலனும் இல்லை என்று தெரிந்த பிறகும் அளந்தேன். என்னால் சொல்ல முடியாமல் போனது அந்தக் கடைசி விஷயம்தான்.

உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்பதற்காக அல்ல. மன்னிக்க நீங்கள் யார்? கோபித்துக்கொள்ளாதீர்கள்... பட்டினி கிடந்தது நீங்கள் இல்லையே!

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆராய்ச்சிப் பிரிவில் எனக்கு வேலை. பெரிய வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வளர்த்த சுண்டெலிகளுக்குத் தீனி வைப்பது, எடை பார்ப்பது, ஆணையும் பெண்ணையும் ஒரு கூண்டில் விடுவது, பிறந்த குட்டிகளைப் பிரித்து வைப்பது. விலங்கியலில் பட்டம் வாங்கியவளுக்கு வாய்த்தது அதுதான். காலையில் பட்டரைவாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி நடந்து போவேன். மாலையில் திருமுல்லைவாயில் திரும்புவேன். எங்கள் தெருவில் எனக்கு எலிக்காரி என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், நானும் சிரித்து வைப்பேன்.

பெண் பார்க்க வந்தவர்களும் அந்த வேலையைக் கேட்டதும் மூக்கைச் சுளித்தார்கள். எவ்வளவு சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் அந்த வாடை போகாது என்பதும் உண்மைதான். அப்பா இறந்த பிறகு என் கல்யாணப் பேச்சும் நின்றுபோனது. வீட்டில் அம்மா, நான், தம்பி சேகர். சேகருக்குப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. வீட்டில் முதன்முதலாகப் படித்தவள் நான். ஆனால் படித்தவள் என்று என் பேச்சை யாரும் மதித்துக் கேட்டதில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நான் செய்ததற்கு இதுதான் வேர்.

அந்த எலிகளைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் கறுப்புச் சுண்டெலிகள். தாயும் தகப்பனும் பார்க்க ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருக்கும். ஆனால் இரண்டுமே உடம்புக்குள் ஒரு பழுதான மரபணுவைச் சுமந்துகொண்டிருக்கும். தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று இரண்டு பக்கத்துப் பழுதும் வந்து சேர்ந்த குட்டி மட்டும் பால்குடி மறந்த கையோடு பருக்கத் தொடங்கும். அதற்குப் பசி அடங்கவே அடங்காது. தின்று தின்று உருண்டையாகிக் கூண்டின் மூலையில் உட்கார்ந்துவிடும். உடம்பில் அவ்வளவு கொழுப்பு இருந்தும் குளிர் தாங்காது, மரத்தூளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். கூடப்பிறந்த ஒல்லிக் குட்டிக்கு வைக்கும் அதே அளவு தீனியை வைத்தாலும் அதன் கொழுப்பு கரையாது. அதற்கு இனவிருத்தியும் இல்லை.

மலடு என்ற சொல்லை அங்கே நாங்கள் டீ குடித்துக்கொண்டே சொல்வோம். இந்தக் கூண்டு மலடு, அந்தக் கூண்டு மலடு என்று. வீட்டுக்கு வந்தால் அதே சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வசந்தா எதிரே வரும்போது பேச்சை நிறுத்துவார்கள், அவ்வளவுதான்.

வசந்தா நூம்பல் பக்கத்துப் பெண். வேலப்பன்சாவடியிலிருந்து உள்ளே போக வேண்டும், அப்போது அது வயல்காடு. சொந்த நிலத்தில் நாற்று நட்டு வளர்ந்தவள். கல்யாணத்தன்று அவள் இடுப்பில் புடவை நிற்கவில்லை என்று நான்தான் இரண்டு ஊக்கு அதிகம் குத்தினேன். அவ்வளவு ஒல்லி.

இரண்டு வருஷம் போயிற்று. குழந்தை இல்லை. அவள் உடம்போ ஊதத் தொடங்கியது. முகம் வீங்கினாற்போல் ஆயிற்று. குரல் கம்மியது. தலைமுடி சீப்போடு வந்தது. மார்கழியில் நாங்களெல்லாம் சாதாரணமாக நடமாடும்போது அவள் போர்வையைச் சுற்றிக்கொண்டு அடுப்பருகில் உட்கார்ந்திருப்பாள். பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும். அம்மா அதற்குச் சோம்பல் என்று பெயர் வைத்தாள். தின்று தின்று படுக்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் சொன்னாள்.

நான் என்ன பெயர் வைத்தேன் தெரியுமா? என் எலி என்று வைத்தேன்! பருமன், குளிர், சோர்வு, மலடு... எல்லாம் அப்படியே பொருந்துகிறதே என்று உள்ளுக்குள் பூரித்துக்கூடப் போனேன். ஒருத்தி கண்ணெதிரே வாடுகிறாள், எனக்கோ பாடம் புரிந்த சந்தோஷம்!

பொருந்தாதது என் கண்ணில் படவில்லை. என் எலிகள் பால்குடி மறந்ததுமே பருத்தவை. வசந்தா கல்யாணத்தன்று ஊக்கில் நின்றவள். முதலாண்டு மாணவிகூடக் கேட்டிருப்பாள் இந்தக் கேள்வியை. நான் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேப்பம்பட்டிலிருந்து அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, வந்தார். சாப்பிட்டுக் கை கழுவியவர் பொதுவாகப் பேசுவதுபோல் ஆரம்பித்து விஷயத்துக்கு வந்தார்.

"இன்னாம்மா தங்கச்சி, எத்தினி நாளிக்கி இப்டியே பாத்துக்கினு இருப்ப? எங்க பக்கத்துல ஒரு பொண்ணு கீது. அடக்கமான பொண்ணு. இவள அவுங்க ஊட்டுக்கு அனுப்பிட்டு ஆவற வேலயப் பாருங்க."

வசந்தா சமையற்கட்டில் இருந்தாள். தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தின் சத்தம் நின்றது. சேகர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு அவள்மேல் ஆசை இருந்தது, ஆனால் அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

தனக்கென்று அவளுக்கு இருந்த ஒரே இடம் அந்த வீடுதான். அது போகப் போகிறது. எனக்குப் பொறுக்கவில்லை, வாயைத் திறந்தேன்.

"மாமா, எங்க ஆபீஸ்ல கொழுத்த எலிக்கெல்லாம் தீனியக் கொறச்சா குட்டி பொறக்குது. ஒடம்பு எளச்சா எல்லாம் சரியாவும். ஒரு வருசம் எனக்கு டைம் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

மாமா என்னை முதன்முறையாக ஏறிட்டுப் பார்த்தார். படிச்ச புள்ள சொல்லுது, அதயும் பாத்துடலாம் என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா தலையாட்டினாள். எலிக்காரியின் பேச்சு அன்றைக்கு அம்பலம் ஏறியது!

எனக்கு அது எவ்வளவு இனித்தது என்பதை மறைக்க மாட்டேன்.

நான் சொன்னதில் எவ்வளவு உண்மை? நான் பார்த்தது ஒரே ஒரு விஷயம். கொழுத்த ஆண் எலி ஒன்றுக்குத் தீனியைக் குறைத்து, அது இளைத்த பிறகு ஒல்லிப் பெண் எலிகளோடு விட்டோம். குட்டிகள் பிறந்தன. அது ஆண். கொழுத்த பெண் எலிக்கு என்ன ஆகும் என்று எனக்கு அப்போது தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னேன். அவளைக் காப்பாற்றத்தான் சொன்னேன்... அந்த வரைக்கும் நீங்கள் என்னை நம்பலாம்.

மாமா போன பிறகு வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஜில்லென்று இருந்தது.

"அண்ணி, நீங்க இன்னா சொன்னாலும் செய்யறேன். என்ன மட்டும் அனுப்பிட வாணான்னு சொல்லுங்க."

மறுநாளிலிருந்து அளக்க ஆரம்பித்தேன். வேலையிடத்தில் செய்வதையே வீட்டிலும் செய்தேன். காலையில் நான் கிளம்புமுன் அவளுக்கான அரிசியை ஆழாக்கில் பாதிக்கும் கீழே எடுத்துத் தனியாக வைப்பேன். அதைத் தனிச் சட்டியில் வடிக்க வேண்டும், அவள் அதை மட்டும்தான் சாப்பிட வேண்டும். அம்மாவுக்குக் காவல் வேலை. அந்த வேலை அம்மாவுக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

முதல் வாரத்திலேயே ஒன்று தெரிந்தது. அவள் அதற்கு முன்பும் அதிகமாகச் சாப்பிட்டவளே இல்லை. என்னைவிடக் குறைவாகத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பசி அடங்காத எலி எங்கே, கொறித்துவிட்டு எழுந்துவிடும் இவள் எங்கே? நான் இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டாமா? நிறுத்தவில்லை. மறைத்துத் தின்கிறாளோ என்று சந்தேகப்பட்டேன்.

அந்தச் சந்தேகத்தோடு ஒரு சனிக்கிழமை பிற்பகல் முன்னதாகவே வீட்டுக்கு வந்தேன். அவள் பின்பக்கம் துணி துவைக்கும் கல்லருகே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் பெரிய சோற்றுப் பானையின் அடியில் ஒட்டியிருந்த காந்தல். தேய்ப்பதற்காகக் கொண்டுவந்த பானை. அதைச் சுரண்டி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். வாயிலிருந்ததை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

நான் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நிதானமாகச் சொன்னேன்.

"எலிகூட குடுத்தத துன்னுட்டு கம்முனு கெடக்குது வசந்தா."

அவள் வாயிலிருந்ததைக் கையில் எடுத்து, பானைக்குள் போட்டு, தண்ணீர் ஊற்றினாள். தப்பு அண்ணி, இனிமே செய்யமாட்டேன் என்றாள். நான் உள்ளே போய் அம்மா வைத்திருந்த சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். வயிறு நிறையச் சாப்பிட்டேன்!

அந்தப் பொங்கலுக்கு இலை போட்டோம். எல்லோர் இலையிலும் சர்க்கரைப் பொங்கல். அவள் இலையில் என் அளவு. சேகர் தன் இலையிலிருந்து ஒரு கை எடுத்து அவள் பக்கம் நீட்டினான். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன், வேண்டாம் என்று. அவன் கையை மடக்கிக்கொண்டான். பண்டிகை நாளில் ஒரு புருஷன் பெண்டாட்டிக்கு ஊட்ட நினைத்ததைத் தடுத்த நாத்தனார் நான்.

இதுவரை செய்தது அறியாமை என்று நீங்கள் சொல்லலாம். இனிமேல் சொல்லப்போவதற்கு அந்தப் பெயர் கிடையாது.

பொங்கல் கழிந்து சில வாரத்தில் என் மனம் உறுத்தத் தொடங்கியது. அவள் எடை சற்றுக் குறைந்திருந்தது, ஆனால் முகத்தின் வீக்கம் போகவில்லை. கைகால்தான் மெலிந்தன. எங்கள் பிரிவின் தலைவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசாத மனிதர். தேநீர் இடைவேளையில் அவரிடம் கேட்டேன். கொழுத்த பெண் எலிக்குத் தீனியைக் குறைத்தால் குட்டி போடுமா சார் என்று.

போடாது என்றார். ஆண் எலியில் சிலது தேறும், பெண்ணுக்கு அந்த வழியில் பலன் இல்லை, அதன் மூளையிலிருந்தே சினைப்பைக்குப் போக வேண்டிய உத்தரவு போவதில்லை என்று விளக்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்து, எதற்குக் கேட்கிறீர்கள் என்றார். சொந்தத்தில் ஒரு பெண் இருக்கிறாள், இப்படி இப்படி என்று சொன்னேன். வீக்கம், குளிர், முடி, குரல்... எல்லாவற்றையும் அடுக்கினேன். சோறு அளப்பதை மட்டும் சொல்லவில்லை.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எலிய வச்சு மனுஷங்களுக்கு வைத்தியம் பாக்காதீங்கம்மா. நீங்க சொல்றதப் பாத்தா தைராய்டா இருக்கலாம். டாக்டர்கிட்ட காட்டி ரத்தம் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. மாத்திரைல சரியாயிடும்."

சரி சார் என்றேன்.

அன்று மாலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தேன். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். அம்மா, நான் சொன்னது தப்பு, இவளை டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்... இவ்வளவுதான் வாக்கியம். இதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும்?

படியேறியதும் அம்மா பக்கத்து வீட்டுப் பெண்மணியிடம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. எங்க சரோஜா ஆபீஸ்ல பெரிய பெரிய டாக்டருங்ககூட இவளக் கேட்டுத்தான் செய்வாங்க என்று. அந்தப் பெண்மணி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். அவள் மகளுக்கும் குழந்தை இல்லையாம், என்னிடம் யோசனை கேட்க வந்தாளாம்.

எனக்கு நின்று மரியாதை கொடுத்த முதல் ஆள் அவள்.

நான் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாள் சொல்லவில்லை... மறுநாள் காலையில் ஆழாக்கை எடுத்து வழக்கம்போல் அளந்தேன். என் கை நடுங்கியதா என்று கேட்கிறீர்களா? இல்லை. நடுங்கியிருந்தால் இன்று சொல்லிக்கொள்ள எனக்கும் ஏதாவது இருந்திருக்கும்.

ஏன்? எத்தனையோ தடவை என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். நம்பிக்கையைக் குலைத்தால் அவளை உடனே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன்... இது ஒரு பதில். பார்க்க அழகான பதில். ஆனால் டாக்டரிடம் காட்டலாம் என்று சொன்னால் யார் அனுப்பப்போகிறார்கள்? இன்னொரு அவகாசம்தானே கிடைத்திருக்கும்? அப்படியானால் உண்மை வேறு. ஒன்றும் தெரியாமல் பேசினேன் என்று ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. மறுபடி எலிக்காரியாக என்னால் முடியவில்லை. அதற்காக ஒருத்தியின் வயிற்றைக் காயப்போட்டேன்.

பட்டினி நீண்டது. அடுத்த கோடையில் அவள் தெருப் பம்பில் தண்ணீர் அடிக்கும்போது மயங்கி விழுந்தாள். குடத்தின் மேல் விழுந்து நெற்றியில் காயம். நான்தான் மஞ்சள் வைத்துக் கட்டினேன். கட்டும்போது அவள் கேட்டாள், இன்னும் எவ்வளவு இளைக்க வேண்டும் அண்ணி என்று. கொஞ்சந்தான் என்றேன்.

மாமா மறுபடி வந்தார். கொடுத்த ஒரு வருஷம் முடிந்து மாதங்களும் ஓடியிருந்தன. இந்தத் தடவை சேகர் தரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். என்னைத் தனியாகப் பின்பக்கம் அழைத்துப் போனான்.

"அக்கா, எனக்கு அவ வேணும். நீ மட்டும் இன்னும் நம்பிக்க கீதுன்னு சொல்லு, நான் மாமாவ அனுப்பிடறேன்."

யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு நொடியில் எல்லாம் என் கையில் இருந்தது. டாக்டர் என்ற ஒரு சொல் போதும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி என்ன வரும்? இத்தினி நாளு ஏன் சொல்லல? அந்தக் கேள்விக்குப் பயந்தேன்.

"பொம்பள எலிக்கு இது பலிக்காதுடா. அதுங்க பொறப்புலயே அப்டி."

அவன் சரிக்கா என்று உள்ளே போனான்.

புரிகிறதா உங்களுக்கு? சார் எனக்குச் சொன்னது இரண்டு. ஒன்று, பட்டினியால் பலன் இல்லை. மற்றது, மருந்து இருக்கிறது. பலன் இல்லை என்பதைச் சொன்னால் அவள் சாப்பிட்டிருப்பாள். அப்போது அதை மறைத்தேன். அவளை அனுப்பப்போகும்போது அதையே எடுத்துச் சொன்னேன்! மருந்து இருக்கிறது என்பதை எப்போதும் சொல்லவில்லை.

நூம்பலிலிருந்து அவள் அண்ணன் வந்தான். பெரியவர்கள் உட்கார்ந்து பேசி உறவை வெட்டிவிட்டார்கள். அவள் சண்டை போடவில்லை. போகும்போது அம்மா காலில் விழுந்தாள். என் காலில் விழ வந்தாள், நான் விலகிக்கொண்டேன். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அடுத்த ஆவணியில் சேகருக்கு வேப்பம்பட்டுப் பெண்ணோடு கல்யாணம். ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பிள்ளைகள். அந்தக் குழந்தைகளை வளர்த்தது முக்கால்வாசி நான்தான். அத்தை சோறு ஊட்டினால்தான் சாப்பிடுவார்கள். ஒவ்வொரு வாய் உருட்டும்போதும்... வேண்டாம், விடுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நாள் சார் எங்களையெல்லாம் கூப்பிட்டு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு சேதியைச் சொன்னார். நாங்கள் வளர்த்த அதே வகை எலிகளின் பழுது எது என்று கண்டுபிடித்துவிட்டார்களாம். உடம்பின் கொழுப்பிலிருந்து ஒரு சுரப்பு புறப்பட்டு, போதும், வயிறு நிறைந்தது, உடம்பில் வலு இருக்கிறது என்று மூளைக்குச் சொல்ல வேண்டும். அந்த மரபணு பழுதானதால் இந்த எலிகளுக்கு அந்தச் சுரப்பே கிடையாது. உடம்பு கொழுத்துக் கிடந்தாலும் மூளை மட்டும் பட்டினி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். பட்டினி கிடக்கும் உடம்பு எப்படிக் கருத்தரிக்கும்?

பிறகு இன்னொரு சேதியும் வந்தது. அந்தச் சுரப்பை ஊசி மூலம் கொடுத்துப் பார்த்தார்களாம். எலிகள் இளைத்தன. அதுமட்டுமல்ல, மலடு என்று நாங்கள் ஒதுக்கிவைத்த அந்தப் பெண் எலிகள் குட்டி போட்டன.

எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். நான் கூண்டு கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இல்லாத ஒன்றுக்காக அந்தச் சின்ன ஜீவனைத் தீனிப்பண்டாரம் என்று கேலி செய்தோமே! எலிக்குக்கூட யாரோ ஒருவர், இதற்கு என்ன குறை என்று தேடியிருக்கிறார்கள். என் வீட்டில் இருந்தவளுக்குத் தேடவே வேண்டியதில்லை. பதில் என் காதில் விழுந்திருந்தது.

அதற்கும் சில வருஷம் கழித்து, ஒரு பிற்பகல். குழந்தைகள் பள்ளிக்கூடத்தில், சேகரும் அவன் மனைவியும் வெளியே, அம்மா அதற்குள் இறந்துபோயிருந்தாள். வாசலில் ஒரு பெண் நின்றாள். பின்னால் பூசினாற்போல் உடம்போடு ஒரு இளம்பெண்.

எனக்கு அடையாளம் தெரியவில்லை. அண்ணி என்று கூப்பிட்டாள். குரல் தெளிவாக இருந்தது. வசந்தா!

கல்யாணத்தன்று இருந்த முகம் திரும்பி வந்திருந்தது, வயது மட்டும் கூடியிருந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தாள். நான் காபி போட்டேன். கை நடுங்கி ஒரு டம்ளர் சிந்தியது. இப்போது நடுங்குகிறது, பாருங்கள்!

பூந்தமல்லியில் ஒரு டாக்டரம்மாவிடம் காய்ச்சலுக்குப் போனாளாம். அந்தம்மா இவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, குரலைக் கேட்டு, ரத்தம் பார்க்கச் சொன்னார்களாம். தைராய்டு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. சில மாதத்தில் வீக்கம் வடிந்ததாம், குளிர் போனதாம், மாதவிலக்குச் சீரானதாம்.

"முன்னாடியே வந்திருந்தா கொழந்தகூட நின்னிருக்கும்னு சொன்னாங்க அந்தம்மா. இன்னா பண்றது அண்ணி, நம்ம யாருக்கும் தெரியலயே."

யாருக்கும் தெரியவில்லை... அவள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தாள். சேகரின் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தாள். சுவரில் மாட்டியிருந்த அவர்கள் படத்தை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தாள். சின்னதுக்கு அவர் மூக்கு என்றாள். அதில் பொறாமை இல்லை. நான் இருந்த இடத்திலேயே கூனிப்போனேன்.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னாள். கூட வந்திருந்தது அவள் அண்ணன் மகள். தை மாதம் கல்யாணம். பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறாள், இளைக்கட்டும், பின்னால் குழந்தைக்குத் தொந்தரவு வரக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்களாம்.

"அந்த ஊட்டுல எனக்காகப் பேசனது நீங்க ஒருத்தர்தான் அண்ணி. அப்ப அளந்து போட்டீங்களே, அதே மாதிரி இவளுக்கும் சொல்லுங்க. எனக்கு நோவு இருந்துச்சி, அதான் பலிக்கல. இவளுக்குப் பலிக்கும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். மரியாதையாகப் பார்த்தாள். வசந்தா என்னைப் பற்றி வீட்டில் என்னவெல்லாம் சொல்லி வைத்திருந்தாளோ!

என்னால் அளவு சொல்ல முடியவில்லை. அவளுக்கு எதையும் குறைக்க வேண்டாம், வயிறு நிறையச் சாப்பிடட்டும், சந்தேகம் இருந்தால் அந்த டாக்டரம்மாவிடமே காட்டு, வேறு யார் பேச்சையும் கேட்காதே என்றேன். வேகமாகச் சொன்னேன். சற்று அதிக வேகமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

வசந்தா கையிலிருந்த டம்ளரை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

"கொறச்சா பலன் இல்லியா அண்ணி?"

"இல்ல வசந்தா."

அவள் கண் என் முகத்திலேயே இருந்தது. கோபமாகப் பார்க்கவில்லை, எதையோ நினைவுபடுத்திப் பார்ப்பவளைப்போல் பார்த்தாள்.

"இது உங்களுக்கு எப்பத்திலேருந்து தெரியும்?"

நான் சுவரில் மாட்டியிருந்த குழந்தைகள் படத்தைப் பார்த்தேன். அண்ணன் மகள் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வசந்தா மறுபடி கேட்கவில்லை. எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, நேரமாவுது, வரோம் அண்ணி என்றாள். படியிறங்கும்போது அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். டம்ளரில் காபி அப்படியே இருந்தது.

அதன்பிறகு அவள் வரவில்லை.

எப்போதிலிருந்து தெரியும் என்பதற்குப் பதில் உங்களிடம் சொல்லிவிட்டேன். ஒரு பொங்கல் கழிந்து சில வாரத்தில், ஒரு டம்ளர் தேநீர் குடித்து முடிக்கும் நேரத்தில் தெரிந்துகொண்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு பஸ் மாறினால் நூம்பல் போய்விடலாம்... நான் இன்னும் போகவில்லை.